‘செத்தது போல’ நடிக்கும் பாக்டீரியா: விண்கலத்தோடு செவ்வாய்க்கு வேறு யார் போகிறார்கள்?

விண்கலம் கட்டும் அறைக்குள் யாரும் அப்படியே நடந்து போய்விட முடியாது. வாசலில் ஒட்டும் பாய் இருக்கும். காலடித் தூசியை அது பிடித்துக்கொள்ளும். அடுத்து, உடம்பெல்லாம் காற்றைப் பீய்ச்சும் ஒரு குட்டி அறை. தலைமுடி, தாடி, கை, கால் எல்லாவற்றையும் மூடும் வெள்ளை உடை. உள்ளே வரும் காற்று வடிகட்டி வருகிறது. தரை, மேசை, கருவிகள் எல்லாவற்றையும் ஆல்கஹாலாலும் கிருமிநாசினியாலும் திரும்பத் திரும்பத் துடைக்கிறார்கள்.

இதற்குத்தான் ‘கிளீன் ரூம்’ என்று பெயர். இவ்வளவு செய்த பிறகும் அங்கே சிலர் குடியிருக்கிறார்கள். சாப்பாடு கிடையாது, தண்ணீர் கிடையாது. ஆனாலும் காலி செய்ய மறுக்கிறார்கள்.

அந்தக் குடித்தனக்காரர்களில் ஒன்றுதான் ‘டெர்சிகாக்கஸ் ஃபீனிசிஸ்’ என்ற பாக்டீரியா. அது எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதற்கு 2025-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விடை சொன்னார்கள். அது சாகவில்லை, செத்தது போலக் கிடக்கிறது. சோதித்துப் பார்ப்பவர்களின் கண்ணுக்கும் அது தப்பிவிடுகிறது.

கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால், செவ்வாயில் உயிர் இருக்கிறதா என்ற கேள்விக்குக் கிடைக்கப்போகும் பதிலையே இந்த ‘நடிப்பு’ சந்தேகத்துக்கு உள்ளாக்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

யார் இந்த டெர்சிகாக்கஸ்?

2007 ஆகஸ்டில் நாசா ‘ஃபீனிக்ஸ்’ என்ற விண்கலத்தைச் செவ்வாய்க்கு அனுப்பியது. ஃப்ளோரிடாவில் உள்ள கென்னடி விண்வெளி மையத்தின் கிளீன் ரூமில் அதைத் தயார் செய்தபோது, தரையிலிருந்து மாதிரிகளை எடுத்தார்கள். அதில் இதுவரை யாரும் பார்த்திராத ஒரு பாக்டீரியா சிக்கியது. உருண்டை வடிவம், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான்.

2009-ல் அதே பாக்டீரியா இன்னொரு இடத்திலும் அகப்பட்டது. தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில், ஐரோப்பாவின் ‘ஹெர்ஷல்’ விண்வெளித் தொலைநோக்கி ஏவுதலுக்குத் தயாரான கிளீன் ரூம் அது. இரண்டு இடத்துக்கும் நடுவே சுமார் 4,000 கிலோமீட்டர் தூரம்.

2013-ல் விஞ்ஞானிகள் இதை அறிவித்தபோது, இந்த இரண்டு கிளீன் ரூம்களைத் தவிர உலகில் வேறெங்கும் அது பதிவாகியிருக்கவில்லை. ‘டெர்சிகாக்கஸ்’ என்ற பெயரிலேயே லத்தீன் மொழியில் ‘சுத்தம்’ என்ற பொருள் ஒளிந்திருக்கிறது. ‘ஃபீனிசிஸ்’ என்பது ஃபீனிக்ஸ் விண்கலத்தின் நினைவாக வைத்தது.

அப்படியென்றால் அது கிளீன் ரூமிலேயே பிறந்ததா? இல்லை. வெளியே மண்ணிலோ வேறு எங்கோ இருக்கத்தான் செய்யும். ஆனால், அங்கே அதைப் போலக் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். அந்தக் கூட்டத்தில் இதைத் தனியே அடையாளம் காண்பது கஷ்டம். கிளீன் ரூமில் மற்றவை செத்து ஒழிந்ததால்தான் இது கண்ணில் பட்டது.

‘நடிப்பு’ என்றால் என்ன?

சில பாக்டீரியாக்கள் நெருக்கடி வந்தால் ‘ஸ்போர்’ ஆக மாறும். தடித்த கவசத்துக்குள் தன் மரபணுவை மட்டும் பத்திரமாகச் சுருட்டி வைத்துக்கொள்ளும் நிலை அது. வெப்பம், வறட்சி, ரசாயனம் எதையும் தாங்கும்.

டெர்சிகாக்கஸுக்கு அந்த வித்தை தெரியாது. அது ஸ்போர் ஆகாத இனம். அப்படியானால் உணவே இல்லாத வறண்ட தரையில் எப்படி உயிரோடு இருக்கிறது?

இதைத்தான் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் மதன் திருமலை உள்ளிட்ட ஆய்வாளர்கள் சோதித்தார்கள். பாக்டீரியாவைப் பட்டினி போட்டு உலர விட்டார்கள். பிறகு வழக்கமான ஊட்டத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். வளரவில்லை. சாதாரணமாக ஒரு ஆய்வகம் இதைப் பார்த்தால் ‘செத்துவிட்டது’ என்று எழுதி ஃபைலை மூடிவிடும்.

ஆனால், பாக்டீரியாக்களைத் துயிலெழுப்பும் ஒரு குறிப்பிட்ட புரதத்தைச் சேர்த்ததும் அது மறுபடி வளரத் தொடங்கியது. அதாவது அது ஆழ்ந்த உறக்கத்தில் இருந்திருக்கிறது. கோடையில் குளம் வற்றும்போது விரால் சேற்றுக்குள் புதைந்து கிடந்து, மழை வந்ததும் வெளியே தலைகாட்டுமே, அப்படி.

சுத்தம் செய்யச் செய்ய ஏன் இப்படி ஆகிறது?

வயலில் களை எடுப்பவர்களுக்கு இது புரியும். மேலே இருப்பதையெல்லாம் பிடுங்கிப் போட்டாலும், மண்ணுக்குள் கிழங்கு வைத்திருக்கும் கோரை மட்டும் மறுபடி முளைக்கும். போட்டிக்கு வேறு செடி இல்லை என்பதால் முன்பைவிடச் செழிப்பாகவே முளைக்கும்.

கிளீன் ரூமிலும் அதே கதைதான். ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் பலவீனமானவை சாகின்றன. தாங்கக்கூடியவை மிஞ்சுகின்றன. சுத்தம் செய்யும் வேலையே ஒருவகையில் முரட்டு பாக்டீரியாக்களைப் பொறுக்கி எடுக்கும் வேலையாகவும் ஆகிவிடுகிறது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. விண்கல அறைகளில் எடுத்த ‘அசினெட்டோபாக்டர்’ என்ற பாக்டீரியாவைக் கலிஃபோர்னியாவின் கால் பாலி பொமோனா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார்கள். தரையைத் துடைக்கப் பயன்படும் எத்தனாலையே உணவாக எடுத்துக்கொண்டு அது வளர முடியும் என்று 2018-ல் தெரியவந்தது. எதைக் கொண்டு கொல்லப் பார்த்தார்களோ, அதுவே அதற்குச் சாப்பாடு!

இப்படி மிஞ்சியவை ஒன்றிரண்டு இல்லை. 2007-ல் ஃபீனிக்ஸ் திட்டத்தின்போது சேகரித்து வைத்த பாக்டீரியாக்களின் மரபணுக்களை நவீன முறையில் வாசித்ததில், அறிவியலுக்கே புதிதான 26 இனங்கள் இருப்பது தெரிந்தது. நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகம், சவுதி அரேபியாவின் மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த இந்த ஆய்வு 2025 மே மாதம் வெளியானது.

விண்வெளிக்குப் போனால் செத்துவிடாதா?

பெரும்பாலானவை செத்துவிடும். காற்று இல்லை, கடும் குளிர், சூரியனிலிருந்து நேரடியாக வரும் புற ஊதாக் கதிர். மறைப்பு இல்லாமல் செவ்வாய்த் தரையில் வெயிலில் கிடக்கும் பாக்டீரியா சில நிமிடங்களிலேயே அழியும்.

ஆனால், ‘மறைப்பு இல்லாமல்’ என்பதுதான் இங்கே முக்கியம். ‘பேசில்லஸ் புமிலஸ் சாஃபர்-032’ என்ற பாக்டீரியா, நாசாவின் விண்கலம் கட்டும் கூடத்தில் கிடைத்தது. ஹைட்ரஜன் பெராக்சைடையும் புற ஊதாக் கதிரையும் தாங்குவதற்குப் பேர்போனது. அதன் ஸ்போர்களைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே 18 மாதம் வைத்துப் பார்த்தார்கள். ஒரு சிறு பகுதி உயிரோடு திரும்பியது.

ஜப்பானின் ‘டான்போபோ’ சோதனை இன்னும் தெளிவாகச் சொன்னது. ‘டைனோகாக்கஸ்’ வகை பாக்டீரியாக்களை உலர்ந்த உருண்டைகளாக்கி நிலையத்துக்கு வெளியே மூன்று ஆண்டுகள் வரை வைத்தார்கள். உருண்டை அரை மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருந்தால் உள்ளே இருந்தவை பிழைத்தன. மேலே இருந்தவை செத்து, அந்த உடல்களே உள்ளே இருந்தவற்றுக்குக் குடையாகின.

விண்கலத்தில் திருகாணி இடுக்கு, ஒயர் மறைவு, இரண்டு தகடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி என்று குடைக்குப் பஞ்சமே இல்லை. டெர்சிகாக்கஸ் செவ்வாய்ப் பயணத்தைத் தாங்கும் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால், பட்டினியையும் வறட்சியையும் தூங்கியே கழிக்கத் தெரிந்த ஒன்றை ‘வாய்ப்பே இல்லை’ என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

எண்ணும் முறையில் என்ன ஓட்டை?

எந்த விண்கலமும் நூறு சதவீதம் கிருமி இல்லாமல் போவதில்லை. ‘இவ்வளவுக்கு மேல் கூடாது’ என்பதுதான் விதி. உயிரைத் தேடும் வேலை இல்லாமல் செவ்வாயில் சாதாரணமாக இறங்கும் கலத்தில் மொத்தம் 3 லட்சம் ஸ்போர்கள் வரை இருக்கலாம். ஒரு சதுர மீட்டருக்குச் சராசரியாக 300.

கேட்கத் துல்லியமாக இருக்கிறது. ஆனால் எப்படி எண்ணுகிறார்கள்? ஈரப் பஞ்சால் கலத்தின் மேற்பரப்பைத் துடைப்பார்கள். அந்த மாதிரியை 80 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் சூடாக்குவார்கள். ஸ்போர் அல்லாதவை அதிலேயே செத்துவிடும். மிஞ்சியதை ஊட்டத் தட்டில் வைத்து மூன்று நாள் காத்திருந்து, முளைத்த புள்ளிகளை எண்ணுவார்கள்.

1970-களின் வைக்கிங் திட்டக் காலத்திலிருந்து வரும் முறை இது. ‘ஸ்போர்தான் இருப்பதிலேயே முரடு, அது குறைவாக இருந்தால் மற்றதும் குறைவு’ என்பது இதன் பின்னுள்ள கணக்கு.

டெர்சிகாக்கஸ் இந்தக் கணக்கை இரண்டு பக்கமும் உடைக்கிறது. அது ஸ்போர் இல்லை. எனவே சூடாக்கும் இந்தச் சோதனையின் கணக்கில் அது வராது. தூங்கும்போது ஊட்டம் கொடுத்தாலும் முளைக்காது; எனவே சூடாக்காமல் வளர்த்துப் பார்த்தாலும் தெரியாது. தட்டு காலியாக இருக்கும்; கலம் காலியாக இருக்காது. பூட்டிய வீட்டில் யாரும் இல்லை என்று கணக்கெடுப்பவர் எழுதிப் போவது போலத்தான். உள்ளே ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

சரி, செவ்வாய்க்குப் போனால்தான் என்ன?

இங்கேதான் விஷயத்தின் மையம் இருக்கிறது. பூமியின் பாக்டீரியா செவ்வாயை ஆக்கிரமித்துவிடும் என்பது இப்போதைக்குத் தொலைவான பயம். அதைவிட நெருக்கமான சிக்கல் ஒன்று உண்டு: நாளை அங்கே உயிரின் தடயம் கிடைத்தால், அது அங்கே பிறந்ததா, இங்கிருந்து போனதா?

இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. நாசாவின் பெர்சிவரன்ஸ் ரோவர் 2024 ஜூலையில் ‘செயாவா ஃபால்ஸ்’ என்று பெயரிட்ட ஒரு பாறையைத் துளைத்து மாதிரி எடுத்தது. அந்தப் பாறையில் சிறுத்தைப் புள்ளி போன்ற தடங்கள் இருந்தன. பூமியில் இப்படிப்பட்ட கனிமங்கள் நுண்ணுயிர்களின் வேலையாலும் உண்டாகும். உயிர் இல்லாமலும் உண்டாகலாம். 2025 செப்டம்பரில் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, இதைப் பண்டைய உயிரின் தடயமாக இருக்கக்கூடிய ஒன்று என்று எச்சரிக்கையோடு சொன்னது. பல கோடி ஆண்டு பழைய அந்தப் புள்ளிகளை ரோவரோடு போன பாக்டீரியா உண்டாக்கியிருக்க முடியாது. ஆனால் மாதிரி ஒருநாள் பூமிக்கு வந்து, அதில் ஒரு செல்லோ உயிர் மூலக்கூறோ இருப்பதாகத் தெரிந்தால், ‘இது யாருடையது?’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

இதற்கு முன்பே இரண்டு பாடங்கள் உண்டு.

முதல் பாடம் நிலவிலிருந்து வந்தது. 1967-ல் இறங்கிய ‘சர்வேயர் 3’ கலத்தின் கேமராவை 1969-ல் அப்பல்லோ 12 வீரர்கள் கழற்றிக் கொண்டுவந்தார்கள். அதனுள் மனித வாயில் வாழும் ஒரு பாக்டீரியா இருந்தது. ‘இரண்டரை ஆண்டு நிலவில் உயிரோடு இருந்திருக்கிறது’ என்ற செய்தி உலகைச் சுற்றியது. பின்னாளில் பழைய ஆவணங்களை அலசியவர்கள், கேமராவைப் பூமியில் பிரித்துச் சோதித்தபோதுதான் அது ஒட்டியிருக்க வேண்டும் என்றார்கள்.

இரண்டாவது பாடம் சமீபத்தியது. ‘ரியுகு’ குறுங்கோளிலிருந்து ஜப்பானின் ஹயபுசா 2 கலம் 2020-ல் 5.4 கிராம் துகள்களைக் கொண்டுவந்தது. அதில் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்ட ஒரு துகளின் மேல் நுண்ணுயிர் இழைகள் தெரிந்தன. முதலில் பெருகின, பிறகு குறைந்தன. பூமியின் நுண்ணுயிர்கள் பெருகித் தேயும் அதே போக்கு. எனவே அவை இங்கே ஆய்வகத்தில் ஏறியவை என்று 2024-ல் அந்த விஞ்ஞானிகளே அறிவித்தார்கள்.

இரண்டிலும் உண்மையைக் கண்டுபிடிக்க முடிந்தது, பொருள் பூமியில் கையில் இருந்ததால். கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பாறையில் அந்த வசதி கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1967-ன் சர்வதேச விண்வெளி ஒப்பந்தத்தின் 9-வது பிரிவு, மற்ற கோள்களைக் கேடு விளையும்படி மாசுபடுத்தக் கூடாது என்கிறது. எந்தக் கோளுக்கு எவ்வளவு சுத்தம் என்ற விவரத்தை ‘கோஸ்பார்’ என்ற சர்வதேச விஞ்ஞானிகள் அமைப்பு வகுக்கிறது. அந்த விதிகள் வழிகாட்டுதல்கள்தான். மீறினால் தண்டிக்க யாரும் இல்லை.

இருந்தும் நாடுகள் இதைப் பொருட்படுத்தியே வந்திருக்கின்றன. வைக்கிங் கலங்களை முழுசாக ஒரு உறைக்குள் வைத்து, சுமார் 112 டிகிரி செல்சியஸில் 20 மணி நேரத்துக்கும் மேல் ‘வேகவைத்து’ அனுப்பியது நாசா. கலிலியோ கலத்தை 2003-ல் வியாழனுக்குள்ளும், காசினியை 2017-ல் சனிக்குள்ளும் விழவைத்து எரித்தார்கள். கடல் இருக்கும் அவற்றின் துணைக்கோள்கள் மீது தவறிக்கூட மோதிவிடக் கூடாது என்பதற்காக.

இப்போது எல்லாக் கலத்தையும் வேகவைக்க முடியாதா? செலவு ஒரு பக்கம். இன்றைய நுட்பமான மின்னணுப் பாகங்கள் பல அந்தச் சூட்டைத் தாங்காது என்பது இன்னொரு பக்கம்.

விண்வெளி நிலையத்தில் என்ன நிலைமை?

அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள். கூடவே அவர்களுடைய பாக்டீரியாக்களும். இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த கஸ்தூரி வெங்கடேஸ்வரன், நாசாவின் ஜெட் ப்ரொபல்ஷன் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் இந்தத் துறையில் ஆராய்ந்தவர். நிலையத்தின் காற்று வடிகட்டியில் கிடைத்த ஒரு புதிய பாக்டீரியாவுக்கு 2017-ல் ‘சோலிபேசில்லஸ் கலாமி’ என்று அப்துல் கலாமின் பெயரை அவர் குழு வைத்தது.

2024-ல் சென்னை ஐஐடியும் நாசா ஆய்வகமும் சேர்ந்து, நிலையத்தில் கிடைத்த ‘எண்டரோபாக்டர் புகாண்டென்சிஸ்’ என்ற பாக்டீரியாவின் 13 மாதிரிகளை ஆராய்ந்தன. அவை பல மருந்துகளுக்குக் கட்டுப்படாதவை. பூமியில் உள்ள உறவுகளிலிருந்து மரபணு அளவில் விலகியும் போயிருந்தன. டாக்டர்கள் பக்கத்தில் இல்லாத, மருந்தும் அளவாகவே உள்ள ஒரு இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

தீர்வு உண்டா?

கிருமியை முழுசாக ஒழிப்பது நடக்காது என்று தெரிந்துவிட்டது. எனவே, இருப்பவை யார் யார் என்று பட்டியல் எடுப்பதுதான் அடுத்த வழி. வீட்டில் திருடு போனால் போலீஸ் முதலில் வீட்டுக்காரர்களின் கைரேகையைத்தான் எடுக்கும். அதைக் கழித்தால்தான் வெளியாள் ரேகை எது என்று தெரியும். விண்கல அறைகளின் பாக்டீரியாக்களை மரபணு வரிசையோடு பதிந்துவைப்பதும் அதற்குத்தான்.

பெர்சிவரன்ஸில் இருக்கும் 43 மாதிரிக் குழாய்களில் 5 குழாய்கள் ‘சாட்சிக் குழாய்கள்’. அவற்றில் பாறை எதுவும் போடுவதில்லை. பூமியிலிருந்து கூடவே வந்த அழுக்கு எது என்று காட்டுவதே அவற்றின் வேலை.

எண்ணும் முறையும் மாற வேண்டியிருக்கிறது. தட்டில் முளைப்பதை மட்டும் நம்பாமல், டிஎன்ஏ சோதனையையும், தூங்குபவற்றை எழுப்பிப் பார்க்கும் புரதங்களையும் சேர்த்தால்தான் உண்மை எண்ணிக்கை தெரியும்.

இதனால் பூமிக்கு என்ன லாபம்? காசநோய்க் கிருமியும் டெர்சிகாக்கஸ் சேர்ந்த அதே பெருங்குழுவைச் சேர்ந்ததுதான். அதுவும் உடம்புக்குள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து, எதிர்ப்புச் சக்தி குறையும்போது விழித்துக்கொள்ளும். உறக்கம் எப்படி வருகிறது, எது கலைக்கிறது என்ற புரிதல் மருத்துவமனைக்கும் பயன்படும்.

நேரம் குறைவு

செவ்வாய் மாதிரிகளைப் பூமிக்குக் கொண்டுவர 1,100 கோடி டாலர் வரை ஆகலாம் என்று 2023-ல் ஒரு மதிப்பாய்வுக் குழு சொன்னது. அந்தத் திட்டம் அதன் பிறகு இழுபறியில் சிக்கிக்கொண்டது. சீனா தன் ‘தியான்வென் 3’ கலத்தை 2028 வாக்கில் அனுப்பி மாதிரி எடுத்துவரத் திட்டமிடுகிறது. தனியார் நிறுவனங்களோ செவ்வாய்க்கு மனிதர்களையே அனுப்பப்போவதாகச் சொல்கின்றன.

ஒரு மனித உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். ஒரு கலத்துக்கு 3 லட்சம் ஸ்போர் என்ற விதியை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மனிதர் அங்கே கால் வைத்த பிறகு, ‘இது நம்முடையதா, அவர்களுடையதா?’ என்று பிரிப்பது இன்றைக்கு இருப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

அந்தக் கேள்வியைச் சந்தேகம் இல்லாமல் கேட்கக்கூடிய காலம், மனிதர்கள் அங்கே போய் இறங்கும் வரைதான். அதற்குள் நம் வீட்டில் தூங்குபவர்களின் பட்டியலை முடித்தாக வேண்டும்.